முயலுக்கு என்ன பொம்மை வாங்கலாம்? வீட்டுச் சிறு பிராணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

விடியற்காலை நாலரை மணி. ஹாலில் இருந்து ‘கிர்ர்... கிர்ர்...’ என்று கூண்டுக் கம்பியைக் கடிக்கும் சத்தம். முயல் வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு முயல் மிளகு குட்டியாக இருந்தபோது தினமும் இந்தக் கச்சேரிதான். “பல்லு அரிக்குது சார், அதான்” என்றார் கடைக்காரர். கடிக்கிற கல் ஒன்று, கலர் கலராகச் சாயம் போட்ட கயிறும் மரக்கட்டையும் கோத்த மாலை ஒன்று, உள்ளே மணி வைத்த பிளாஸ்டிக் பந்து ஒன்று. 600 ரூபாய்க்குக் கிட்ட ஆனது. மறுநாள் அதே நாலரை மணிக்கு அதே கச்சேரி. பக்கவாத்தியமாக மணிச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

மிளகுக்குப் பல் அரிக்கவில்லை. வேலை இல்லை, அவ்வளவுதான்.

முயல் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மேய்ச்சலில் போக வேண்டியது. மிச்ச நேரம் மண்ணைப் பறிக்கும், ஓடும், ஒளியும், தன் இடத்தைச் சுற்றிவந்து மோப்பம் பார்க்கும். நாமோ அதைக் கூண்டில் வைத்து, கிண்ணம் நிறையத் தீவனத்தையும் போட்டுவிடுகிறோம். ஐந்து நிமிடத்தில் அன்றைய வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் கம்பிதான் கதி. இது புரிந்த பிறகு ‘என்ன பொம்மை வாங்கலாம்’ என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். ‘என்ன வேலை கொடுக்கலாம்’ என்று யோசித்தால் பாதிப் பொருள் வீட்டிலேயே கிடைக்கிறது, மீதிக்குச் சந்தைக்குப் போனால் போதும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. முயலைப் பற்றி அதிகம் இருக்கும். கினி பிக்கும் ஹாம்ஸ்டரும் பின்னால் வரும்.

இங்கே பேசுவது வீட்டு முயலைப் பற்றி மட்டும். அது ஐரோப்பாவில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் முயலின் வாரிசு. நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம், வளை தோண்டாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். யாராவது ‘காட்டுல கிடைச்ச குட்டி’ என்று கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: மூன்று நாள் வெறுமனே பாருங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு மூன்று நாள், காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணிக்கு மேலும், தரையில் உட்கார்ந்து முயலைக் கவனியுங்கள். முயல் சுறுசுறுப்பாக இருப்பது அந்திக் கருக்கலிலும் விடியற்கருக்கலிலும்தான். மதியம் பார்த்துவிட்டு ‘இது சோம்பேறி முயல், எதிலும் ஆர்வம் இல்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. நடுப்பகலில் யாராவது நம்மை எழுப்பிப் பந்தைக் கொடுத்தால் நாமும் அப்படித்தான் இருப்போம்.

ஒவ்வொரு முயலுக்கும் ஒரு வெறி இருக்கும். மிளகு பறிப்பவள். மெத்தை, சோபா, நம் மடி என்று எதைக் கண்டாலும் முன்னங்காலால் பரபரவென்று பறிப்பாள். அவளுக்குத் துணையாக வந்த பஞ்சு பறிக்கவே மாட்டான்; கிண்ணத்தைப் பல்லால் கவ்வித் தூக்கி எறிவான். சில முயல்கள் எப்போதும் எதன் மேலாவது ஏறி நிற்கும். சில கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வராது. செருப்பு, நாற்காலிக் கால், மொபைல் சார்ஜர் என்று வரிசையாகக் கொறித்துக்கொண்டே போகிறவையும் உண்டு. உங்கள் முயல் எந்தக் குறும்பு செய்து திட்டு வாங்குகிறதோ, அதுதான் அதற்குக் கொடுக்க வேண்டிய வேலை. பறிப்பவளுக்குக் கடிக்கும் கட்டையை வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டாள். நான் செய்த தப்பு அதுதான்.

முகவாயைப் பொருளின் மேல் தேய்ப்பதையும் பாருங்கள். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. ‘இது என்னுது’ என்று பட்டா போடுகிறது. புதுப்பொருளை அது தேய்த்துவிட்டால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

இரண்டாம் படி: இடத்தைச் சரிசெய்யுங்கள்

இரண்டடிக் கூண்டுக்குள் ஐந்து பொம்மையைத் தொங்கவிட்டால், இருந்த கொஞ்ச இடமும் போனதுதான் மிச்சம். பிரிட்டனில் உள்ள ‘ரேபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட்’ என்ற முயல் நல அமைப்பு, இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அதாவது சுமார் பத்தடிக்கு ஆறரை அடி. உயரம் எதற்கு என்றால், முயல் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று சுற்றும் முற்றும் பார்க்க வேண்டும், காது இடிக்கக் கூடாது. நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் அவ்வளவு இடத்தை ஒதுக்குவது எல்லோருக்கும் முடியாது, தெரியும். குறைந்தது தினமும் நாலைந்து மணி நேரம் ஓர் அறையையோ பால்கனியையோ திறந்துவிட வழி செய்யுங்கள். அது இல்லாமல் பொம்மைக்குச் செலவு செய்வது வீண்.

தரையைக் கவனியுங்கள். நாய், பூனைக்கு இருப்பதுபோல் முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, முடிதான். வழுவழு டைல்ஸில் கால் வழுக்கும். வழுக்குகிற இடத்தில் முயல் ஓடாது, துள்ளாது. முன்பு பயந்த முயலாக இருந்தது ஜமக்காளம் விரித்ததும் துள்ள ஆரம்பித்த கதையை நிறையப் பேர் சொல்வார்கள். பவானி ஜமக்காளம் போல் அடர்த்தியாக நெய்த பருத்தி விரிப்பு நல்லது. ஓரத்தில் தொங்கும் குஞ்சத்தை மட்டும் மடித்துத் தைத்துவிடுங்கள். மின்வயர்களைக் கனமான பிவிசி குழாய்க்குள் விட்டுவிடுங்கள். இதெல்லாம் பொம்மை இல்லைதான். ஆனால் பல முயல்களுக்கு முதலில் தேவைப்படுவது இதுதான்.

மூன்றாம் படி: பல்லைப் பற்றிய தவறான கணக்கு

கடைகளில் அதிகம் விற்பது ‘பல் தேய்க்கும்’ பொருள்கள் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும் என்றால், வருடத்துக்கு 10 சென்டிமீட்டர் கணக்காகிறது. தேயாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைச் சொல்லித்தான் கட்டையையும் கல்லையும் விற்கிறார்கள். ஆனால் வெளியே தெரிகிற முன்பல் மட்டும் பல் இல்லை. நோய் அதிகம் வருவது உள்ளே இருக்கும் கடைவாய்ப் பற்களில். அவற்றைத் தேய்ப்பது கட்டை கடிப்பது அல்ல. பக்கவாட்டில் தாடையை ஆட்டி ஆட்டி மணிக்கணக்கில் புல் அரைப்பதுதான். புல்லில் சிலிக்கா என்ற மணல் போன்ற பொருள் இருக்கிறது, அதுதான் அரம். தினமும் முயலின் உடம்பளவு புல் அல்லது உலர்புல் உள்ளே போக வேண்டும்.

திமோதி ஹே என்கிற இறக்குமதி உலர்புல் விலை அதிகம். கட்டுப்படியாகாதவர்கள் அருகம்புல், கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இவற்றைப் பச்சையாகவும் நிழலில் உலர்த்தியும் கொடுக்கலாம். கிராமத்துப் பக்கம் மாட்டுக்குப் போட்டிருப்பவர்களிடம் கேட்டாலே கிடைக்கும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளர்ந்த முயலுக்குத் தினசரித் தீவனமாக வேண்டாம். வைக்கோலில் சத்து இல்லை. ஆனால் பறித்து விளையாட, ஒளிய, அருமையான பொருள். பூஞ்சை வாடை அடிக்காத, தூசு தட்டிய வைக்கோலாக இருக்கட்டும்.

ஆகவே கடிக்கும் கட்டை என்பது பல் வைத்தியம் இல்லை, பொழுதுபோக்கு. பொழுதுபோக்காக அது நல்லதுதான். கடிக்கும் கல், உப்புக்கட்டி, சுண்ணாம்புக்கட்டி மூன்றும் வேண்டவே வேண்டாம். முயலின் குடல் தீவனத்தில் உள்ள சுண்ணாம்பை ஏறக்குறைய அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைச் சிறுநீரில்தான் தள்ள வேண்டும். அது அதிகமானால் சிறுநீர்ப்பையில் சேறுபோல் படியும், கல்லாகவும் ஆகும். என் 600 ரூபாயில் முதலில் குப்பைக்குப் போனது அந்தக் கல்தான்.

நான்காம் படி: கடையில் எதைக் கையில் எடுக்கலாம், எதை வைத்துவிட வேண்டும்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும்; வழியில் அடைத்தால் குடல் நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனால் முக்கால்வாசிப் பொருள்களைத் தாண்டி வந்துவிடலாம்.

நான் வாங்கிய அந்தக் கலர் மாலையைச் சொல்கிறேன். கட்டைகளைக் கோத்திருந்த கயிறு பருத்தியும் நைலானும் கலந்தது. மிளகு கட்டையைத் தொடவில்லை, கயிற்றைப் பிரித்துத் தின்றிருக்கிறாள். இரண்டாம் நாள் காலையில் கூண்டில் புழுக்கைகள் தனித்தனியாக இல்லை. நூலில் கோத்த மணிமாலை மாதிரி ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு கிடந்தன. நல்லவேளை, வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் பொருளை எடுத்தாலும் எனக்குள் ஒரே கேள்வி: இதை முழுசாகத் தின்றுவிட்டால் என்ன ஆகும்? ‘ஒன்றும் ஆகாது’ என்றால் வாங்கலாம்.

அந்தக் கேள்விப்படி ரப்பர், ஸ்பாஞ்சு, மெல்லிய பிளாஸ்டிக், இறகு ஒட்டிய பூனை பொம்மை எல்லாம் கழிந்துபோகும். கனமான, ஓரம் மழுங்கிய கெட்டிப் பிளாஸ்டிக் வேறு விஷயம். கைக்குழந்தைகளுக்கு விற்கும் வளையம், அடுக்குக் கிண்ணம் போன்றவற்றைத் தூக்கி எறிய மட்டும் பயன்படுத்தும் முயலுக்குக் கொடுக்கலாம். பஞ்சுவுக்கு அதுதான் உயிர். பல் பதிந்து துண்டு பெயர ஆரம்பித்தால் எடுத்துவிட வேண்டும். கீறல் வைத்த மணிகளில் நகமோ பல்லோ மாட்டிக்கொள்ளும். மணியே வேண்டாம் என்பது என் கட்சி.

மரம் என்றால் பசை இல்லாத, வார்னிஷ் இல்லாத, முழுமரமாக இருக்க வேண்டும். பிளைவுட், மரத்தூளை அழுத்திச் செய்த பலகை கூடாது. ‘காய்கறிச் சாயம்’ என்று அச்சடித்திருந்தாலும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாயம் ஒட்டினால் திருப்பி வைத்துவிடுங்கள். உண்மையில் அந்தக் கலர் நமக்காகத்தான். முயலுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதன் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அங்கே ஒரு குருட்டு இடம். பொருளை அது அறிவது மோப்பத்தாலும் மீசையாலும் உதட்டாலும்தான். ரோஜா நிறக் கேரட் பொம்மையும் பழைய அட்டையும் பக்கத்தில் இருந்தால் அது அட்டைக்குப் போவதற்குக் காரணம் வாசனைதான்.

அப்புறம், தலைக்கு மேலிருந்து திடீரென்று ஆடுகிற, தானாக ஓடுகிற பேட்டரி பொம்மைகள். முயல் இரையாகப் பிறந்த பிராணி. மேலிருந்து எதுவும் அசைந்தால் அதற்குப் பருந்துதான் ஞாபகம். பின்னங்காலால் தரையை ‘டொம்’ என்று அடித்தால் ரசிக்கிறது என்று நினைக்காதீர்கள். ஆபத்து என்று அறிவிக்கிறது.

ஐந்தாம் படி: வீட்டிலும் சந்தையிலும் கிடைப்பவை

இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளும்.

*அட்டைப்பெட்டி.* கூரியரில் வரும் பழுப்பு அட்டைப்பெட்டிதான் ராஜா. ஒட்டு டேப், முகவரிச் சீட்டு, பின் மூன்றையும் உரித்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் முயல் தாராளமாக நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை போட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஏன் இரண்டு? ஒரே வழி உள்ள இடம் ஒளிவிடம் இல்லை, பொறி. இரண்டு முயல் இருந்தால் ஒன்று மற்றொன்றை உள்ளே மடக்கிவிடும். அட்டையைக் கடித்துத் துப்புகிற முயலுக்குப் பிரச்சினை இல்லை. தின்று விழுங்குகிற முயலாக இருந்தால் எடுத்துவிட்டுப் புல்லை அதிகமாக வையுங்கள். மளிகைக்கடைப் பெட்டியாக இருந்தால் மோந்து பாருங்கள். மிளகாய்த்தூளும் சோப்பும் வந்த பெட்டி வேண்டாம். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு சாணுக்கு ஒன்றாக அறுத்து உள்ளே புல்லைத் திணித்தால் உருட்டி உருட்டி இழுத்துத் தின்னும். குழாய் முயலின் தலை உள்ளே போய் மாட்டாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும்.

*ஓலை.* தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் கருப்பட்டி வைத்துக் கட்டும் சாயமில்லாத பனை ஓலைப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். பஞ்சுவுக்கு ஒரு பெட்டி மூன்று வாரம் தாங்கும். முதல் வாரம் தூக்கி எறிவான், அடுத்த வாரம் ஓரத்தைக் கொறிப்பான், மூன்றாம் வாரம் அது பெட்டியாக இருக்காது. பெட்டியில் கருப்பட்டி ஒட்டியிருந்தால் நன்றாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். இனிப்பு அதற்கு ஆகாது. ஓலைக் கிலுகிலுப்பையும் கொடுக்கலாம், உள்ளே இருக்கும் கல்லையோ விதையையோ எடுத்துவிட்டு. பனைமட்டையின் கருக்கு ரம்பம் போல அறுக்கும், மட்டை வேண்டாம். தென்னை ஈர்க்கும் வாயைக் குத்தும். கோரைப்பாய்த் துண்டு பலர் கொடுக்கிறார்கள். கோரை நல்லதுதான், குறுக்கே ஓடும் நூலைப் பாருங்கள். இப்போது பல பாய்களில் அது நைலான். பத்தமடைப் பாயை முயலுக்குப் போடுகிற வசதி இருந்தால் என்னைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள்.

*குச்சி.* மருந்து தெளிக்காத கொய்யா, செம்பருத்தி, மல்பெரி என்கிற முசுக்கொட்டைக் கிளைகளை இலையோடு வெட்டிக் கொடுங்கள். இலையைத் தின்றுவிட்டுப் பட்டையை உரிக்கும், கடைசியில் வெள்ளைக் குச்சிதான் மிஞ்சும். கடையில் விற்கும் எந்தக் கட்டையையும் விட இது மேல். வேப்பங்குச்சி கொடுப்பவர்கள் உண்டு; நான் கொடுப்பதில்லை. ஆனால் வேலியோரம் வெட்டிவரும்போது கவனம்: அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னிச்செடி, பார்த்தீனியம் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஆட்டுக்கு வெட்டிப்போடும் சவுண்டல் என்கிற சூபாபுல்லும் முயலுக்கு ஆகாது. அதில் உள்ள மிமோசின் என்ற நஞ்சு முடியை உதிர்த்துவிடும். ஆடு தின்கிறதே என்று நினைக்கக் கூடாது. அசைபோடும் பிராணியின் வயிறு வேறு, இதன் வயிறு வேறு.

*பறிக்கும் தொட்டி.* மிளகைத் திருத்தியது இதுதான். பெரிய பிளாஸ்டிக் பேசின் அல்லது ஓரம் உயர்ந்த தட்டம். உள்ளே மூன்று விரல் கனத்துக்கு வைக்கோல், கிழித்த செய்தித்தாள், காய்ந்த வாழை இலை. பளபளப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம். பால்கனி இருந்தால் உரமும் மருந்தும் போடாத செம்மண்ணையே கொட்டலாம். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் கூர்மையானது, அதைத் தவிருங்கள். தேங்காய்நார்க் கழிவைத் தின்றால் வயிற்றில் ஊறும் என்பதால் அதையும் நான் போடுவதில்லை. அடியில் நாலைந்து பெல்லட்டுகளை, அதாவது கடையில் விற்கும் சிறு குச்சித் தீவனத்தை, புதைத்துவிடுங்கள். வீடு கொஞ்சம் குப்பையாகும். மெத்தை பிழைக்கும்.

*மண்பானை.* பொங்கல் முடிந்தால் பல வீடுகளில் பழைய பானை ஒன்று சும்மா இருக்கும். பெயின்ட் அடிக்காததாகப் பார்த்து, மஞ்சளையும் சுண்ணாம்பையும் தேய்த்துக் கழுவி, படுக்க வைத்து இரு பக்கமும் செங்கல் அண்டைக் கொடுங்கள். ஒற்றை முயலுக்கு இது நல்ல குளிர்ச்சியான வளை. வாய் அகலம் முயல் உள்ளே திரும்பி வெளியே வரும் அளவுக்கு இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தீவனத்தையே விளையாட்டாக்குவது

கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். பெல்லட்டை, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மிகாமல், தேடித் தின்னும்படி வையுங்கள். ஆனால் எடுத்தவுடனே கஷ்டமான புதிர் கொடுத்தால் முயல் முயன்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

முதல் இரண்டு நாள் பெல்லட்டை விரிப்பின் மேல் வெறுமனே தூவுங்கள். மூன்றாம் நாள் புல் குவியலின் மேல் தூவுங்கள். அடுத்து, குவியலுக்குள் கலந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, புல்லோடு சேர்த்து வாழை இலைத் துண்டில் கொழுக்கட்டை போல் மடித்து வையுங்கள். முதல் தடவை மடிப்பைப் பாதி திறந்தே வையுங்கள், பிறகு முழுசாக மூடலாம். அதற்கப்புறம் அட்டைக் குழாய், ஓலைப் பெட்டி, காகிதப்பைக்குள் முடிச்சு என்று போகலாம். கடைகளில் விற்கும், மூடியை நகர்த்தித் தேடும் மரப் புதிர்களும் உண்டு. விலை அதிகம், கெட்டிக்கார முயல் இரண்டு நாளில் பழகிவிடும், ஆனால் பார்க்க நமக்கு ஆனந்தம். கொத்தமல்லித் தழை, புதினாவைக் கட்டாகக் கட்டிக் கம்பியில் முயல் நிமிர்ந்து எட்டும் உயரத்தில் செருகினால் அதுவே தேகப்பயிற்சி.

உள்ளே வைக்கும் பரிசு கேரட்டாகவும் வாழைப்பழமாகவும் ஆகிவிடக் கூடாது. இரண்டிலும் சர்க்கரை. சுண்டுவிரல் நகமளவு, எப்போதாவது. தினசரிப் பெல்லட்டுக்குள்தான் பரிசும் அடக்கம்.

இதை எல்லாம் வைக்க வேண்டிய நேரம் இரவு நாம் படுக்கப் போகும்போது. இரண்டு வாழை இலைப் பொட்டலம், ஒரு புல் குழாய். நாலரை மணிக் கச்சேரி எங்கள் வீட்டில் இப்படித்தான் நின்றது. இப்போது பேசினை இழுக்கும் சத்தம் கேட்கிறது, அது பரவாயில்லை.

ஏழாம் படி: மாற்றி மாற்றி வைப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒரு நேரத்தில் மூன்று, நான்கு பொருள்கள் போதும்: ஒளிய ஒன்று, பறிக்க ஒன்று, தேட ஒன்று, எறியவோ கொறிக்கவோ ஒன்று. ஒளிவிடத்தையும் பறிக்கும் தொட்டியையும் நிரந்தரமாக வைத்துவிட்டு மற்றவற்றை நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு மாதம் பரணில் கிடந்த வளையம் திரும்பி வரும்போது புதுப்பொருள்தான். கழுவும்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவ வேண்டாம். அது தேய்த்து வைத்த பட்டா எல்லாம் அழிந்தால் பதற்றப்படும்.

தனி முயலாக இருந்தால் எத்தனை பொருள் வைத்தாலும் ஒரு குறை இருக்கும். கருத்தடை செய்த ஆணும் பெண்ணும் ஒரு ஜோடி என்றால் ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து, துரத்தி, ஒட்டிப்படுத்துப் பொழுதைப் போக்கும். அறிமுகப்படுத்துவது தனிக்கலை, இங்கே விரிக்கவில்லை.

கினி பிக், ஹாம்ஸ்டர்: இதே பொருள்கள் போதுமா?

போதாது. ‘சிறு பிராணிகளுக்கு’ என்று பொதுவாக எழுதி விற்கும் பொருள்களில் பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கினி பிக் தாவாது, வளை தோண்டாது, ஏறத் தெரியாது. உயரமான தட்டு, படிக்கட்டு எல்லாம் அதற்கு விழுந்து கால் முறிக்கும் இடம். சக்கரமும் உருளும் பந்தும் அதன் முதுகெலும்புக்குக் கேடு. அதற்கு வேண்டியது தரைமட்டத்தில் சுரங்கம், தலைக்கு மேல் மறைப்பு, புல் மலை, கூட இன்னொரு கினி பிக். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, இரண்டு வழி உள்ள ஒளிவிடம் வையுங்கள். மனிதர்களைப் போலவே அதன் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. அதனால் தேடும் விளையாட்டில் குடைமிளகாய்த் துண்டை ஒளித்து வைத்தால் விளையாட்டும் ஆச்சு, மருந்தும் ஆச்சு.

ஹாம்ஸ்டர் நேர்மாறு. தனியாகத்தான் வாழும். சக்கரம் அதற்கு அவசியம், ஆனால் கூண்டோடு வரும் சின்னச் சக்கரம் இல்லை. சிரியன் ஹாம்ஸ்டருக்குக் குறைந்தது 28 சென்டிமீட்டர், குட்டை இனங்களுக்கு 20 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும். ஓடும்போது முதுகு வில்லாக வளையாமல் நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஓடுபரப்பு கம்பிக்கம்பியாக இல்லாமல் முழுத்தட்டாக இருக்கட்டும். இடுக்கில் கால் மாட்டும். உள்ளே அடைத்து உருட்டும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பந்து வேண்டாம். காற்றோட்டம் இல்லை, மோப்பம் பிடித்து வழி அறியும் பிராணி அதற்குள் எங்கே போகிறோம் என்று தெரியாமல் முட்டி மோதும். ஒரு சாணுக்குக் குறையாமல் படுக்கைத் தூளைக் கொட்டித் தோண்டவிடுங்கள். மேகம் மாதிரி பஞ்சுப் படுக்கை விற்பார்கள். அதன் இழை காலில் சுற்றி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும், தின்றால் குடலை அடைக்கும். தினை, கம்புக் கதிரை முழுசாக நட்டு வைத்தால் ஒரு ராத்திரி முழுக்க அறுவடை செய்து கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போகும். முயலுக்கு இந்தக் கதிர் கூடாது, தானியம் அதற்குச் சேராது.

கோடையில்

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தில் முயல்களையும் வளர்க்கிறார்கள். அந்தக் குளிர்தான் அதற்கு ஏற்றது. நாம் 40 டிகிரி மதுரையில், திருச்சியில் வைத்துக்கொண்டிருக்கிறோம். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது; காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனால் அதற்குக் கஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் ஓடவைக்கும் விளையாட்டுகளைக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். பகலில் தண்ணீர் உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பானை வளையின் வெளிப்புறத்தில் ஈரத்துணி போர்த்தலாம். வறண்ட ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும்; சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இருக்காது, அங்கே பாட்டிலும் மின்விசிறியும்தான். காது சூடாகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பொறுத்திருக்க நேரமில்லை, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எப்போது எடுத்துப் போட வேண்டும், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

தினமும் காலையில் கூண்டைக் கூட்டும்போது இரண்டைப் பாருங்கள்: பொருள் எந்த நிலையில் இருக்கிறது, புழுக்கை எப்படி இருக்கிறது. பிசிறு தொங்கும் கயிறு, கூராக உடைந்த பிளாஸ்டிக், சிறுநீரில் நனைந்த அட்டை உடனே குப்பைக்கு. புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், நிறைய இருந்தால் சந்தோஷம். சிறுத்துப் போனாலோ, கோத்த மாலையாக வந்தாலோ எதையோ தின்றிருக்கிறது என்று தேடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னவும் இல்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் நின்ற முயல் ஒரே நாளில் போய்விடும். எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் முயல் பழக்கம் இருக்காது. ஆகவே பொம்மை வாங்கும் வாரத்திலேயே உங்கள் ஊரில் முயல் பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து எண்ணைப் பதிந்து வையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது: அட்டைப்பெட்டி ஒரு வாரம், ஓலைப் பெட்டி மூன்று வாரம், கொய்யாக் குச்சி ஒரு ராத்திரி, பஞ்சுவின் வளையம் இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. பானை போன ஆடியில் உடைந்தது. உடைத்தது முயல் இல்லை, கூட்டும்போது நான்தான்.